தட்டு எண் நான்கு

இரும்பு ஏதும் உண்டா என்று
மூன்று மொழியில் கேட்பேன்.
மூன்று மொழியிலும் இல்லை என்பார்கள்.
பிறகு சட்டைப் பித்தானைத் தளர்த்துவார்கள்.

சிலுவை. ஓம். பிறை கீறிய வெள்ளித் தகடு.
வில், வாள், சங்கு, சக்கரம், தண்டு என
ஐந்து ஆயுதம் தரித்த ஒன்றரை வயது.
காதில் மூன்று வளையத்தோடு வந்த கணினிப் பையன்
மார்பிலிருந்து எடுத்து வைத்தான்
பனிதேசத்து இடிக்கடவுளின் சுத்தியலை.
நம்புறீங்களா என்றேன்.
இல்ல மிஸ், சும்மா.
கழற்றும்போது மட்டும் கண்ணை மூடினான்.

எல்லாம் நீலப் பிளாஸ்டிக் தட்டில்.

நாரஹேன்பிட்டியில், நிலத்துக்குக் கீழே, உள்ளறையில் அது.
பகலில் அணைப்பதில்லை, இரவிலும் இல்லை.
ஊரெல்லாம் மின்சாரம் போனாலும்
காந்தம் விழித்திருக்கும்.
நான் வேலைக்குச் சேருமுன்
ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றை விழுங்கப் பார்த்ததாம்.
அன்றிலிருந்து வாசலில் மஞ்சள் கோடு.
அதைத் தாண்டுமுன்
கொண்டையூசி, பேனை, திறப்பு,
மூன்று இடம் தொட்டுப் பார்ப்பேன்.
இதற்கு நெறிமுறை என்று பெயர்.

ஆடிவேல் அன்று காலி வீதி அடைத்துவிட்டார்கள்.
தேருக்கு மேலே வயர்களை
மூங்கிலால் தூக்கிப் பிடித்தபடி நடக்க,
பஸ்கள் பம்பலப்பிட்டியில் நின்றுபோக,
என் நோயாளிகள் பிந்திப் பிந்தி
ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

விஜேதுங்க, ஓய்வுபெற்ற ரயில் கார்ட், முதுகெலும்பு.
முகத்துவாரத்துப் பெனடிக்டா, தலை.
இருவர் கழுத்திலும் சுண்டுவிரல் நீளச் செம்புக் கூடு.
செட்டியார் தெருவின் ஏதோ ஒரு பட்டறையில்
ஒரே அச்சில் அடித்திருப்பார்கள்.
அவருடையதில் கதிர்காமத்தில் எழுதிய யந்திரம்.
அவளுடையதில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மண்.
வாயை அடைத்த அரக்கு மட்டும் வேறு:
ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

செம்பை இழுக்காது ஐயா, சூடேறும் என்றேன்.
நிலத்தில வைக்காதீங்க என்றார்,
அவ்வளவுதான்.

நகை காணோமென்று ஒரு வழக்கு வந்தபின்
தட்டுகளை ஃபோனில் படம் எடுத்து வைப்பது என் பழக்கம்.
இரவு படுக்கையில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கையில்
தட்டு எண் நான்கில் கறுப்பு அரக்கு.
நான்கு பெனடிக்டாவின் எண்.
அவள் கையில் நான் வைத்தது சிவப்பு.

காலையில் விஜேதுங்க வீட்டுக்கு எடுத்தேன்.
மகள் பேசினாள்:
அப்பா விடியும்வரைக்கும் தூங்கினார் மிஸ்,
எத்தனையோ மாசத்துக்குப் பிறகு.
அந்த மெசின்ல மருந்தும் இருக்கா?
இல்லை என்றேன்.
வேறு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ஒரு கிழமை கழித்து பெனடிக்டா
ரிப்போட் எடுக்க வந்தாள்.
பழுப்பு உறைக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
சொல்வது என் வேலையில்லை.
அவள் உறையை மடியில் போட்டுவிட்டு
கூட்டை என் காதருகே ஆட்டினாள். கிலுகிலு.
என்ட மண் சத்தம் போடாது பிள்ளை.

மாற்றித் தருகிறேன், மன்னியுங்கள் என்று
வார்த்தை குழறியது எனக்கு.
அவள் கேட்டது வேறு:
அந்தாளுக்கு எப்பிடி?
தூங்குறாராம்.

மின்தூக்கி இரண்டு தரம் வந்து போனது.
அப்ப எடுக்காதீங்க என்றாள்.
ஆனா எனக்கு அந்தோனியாரோட
சண்டை பிடிச்சுத்தான் பழக்கம்.
முருகன் கோவிச்சுக்குவாரோ?

கோவித்துக்கொண்டு மலையேறியவர்தான் என்று
சொல்ல வந்து,
சும்மா பேசிப் பாருங்க என்றேன்.

உறையைப் பிரிக்காமலே போனாள்.

அடுத்த நோயாளி கதவடியில்.
இரும்பு ஏதும் உண்டா?
மஞ்சள் கோட்டில் நின்று தொட்டேன்
கொண்டையூசி, பேனை, திறப்பு,
பிறகு, ஏனோ,
ஒன்றுமே இல்லாத என் கழுத்தை.